வள்ளம் இழுத்த ஜீப்

ஜீப் நகர்ந்தது. அதன் பின்னால் கட்டியிருந்த மாட்டு வண்டி நகரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஜீப்பின் பம்பர் கயிற்றோடு தரையில் கிடந்தது.

“பம்பர்தான வந்துச்சு. வண்டி போகுதுல்ல” என்றார் அடைக்கப்பன் செட்டியார்.

ஆலங்குடியில் கடலை மண்டி வைத்திருந்த ஜெபமாலை குனிந்து பம்பரைப் பார்த்தார். யுத்தத்தில் ஓடிக் களைத்து, ஏலத்தில் செட்டியார் கைக்கு வந்து, திருமயம் பக்கத்தில் ஒரு கொட்டகையில் கோழிகளுக்கு வீடாக இருந்த ஜீப் அது. வாங்குவதற்கு முன், ஒரு வள்ளத்தை அது இழுக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான், கடலை மூட்டை ஏற்றிய வண்டியை ஜெபமாலை கட்டிப் பார்த்தார்.

“பீரங்கியே இழுத்த வண்டிங்க இது” என்றார் செட்டியார்.

“அப்ப பம்பர் இருந்திருக்கும்” என்றார் ஜெபமாலை.

கடலை மண்டிக்காரருக்கு வள்ளம் எதற்கு என்று செட்டியார் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஜெபமாலை சொல்லியிருக்க மாட்டார். விஷயம் வீட்டுக்குத் தெரியக்கூடாது.

அவர் மனைவி அடைக்கலமேரி மீமிசல் பக்கத்துக் கடற்கரை ஊரில், கோயில் உபதேசியாரின் மகளாகப் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் ஜெபமாலை அந்த ஊர் உப்பளத்தில்தான் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மேரியை முதலில் பார்த்ததும் அங்கேதான். கல்யாணமாகி மண்டி வைத்த பிறகு, பொழுது சாயும்போது அவள் வாசலில் நின்று கிழக்கே பார்ப்பாள். ஒருநாள் என்ன என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க. சாயங்காலமானா கடக்கரை நெனப்பு வந்துருது” என்றாள்.

ஆலங்குடிக்குக் கடலைக் கொண்டுவர முடியாது. ஆனால் அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்து கிடந்தது. அதில் ஒரு வள்ளம் மிதந்தால், அவள் அதில் ஏறி உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தார். நினைத்த பிறகு வேறு எதுவும் ஓடவில்லை. மச்சினன் அருளப்பனுக்குச் சொல்லியனுப்ப, அவனும் கரையில் சும்மா கிடந்த ஒரு பழைய வள்ளத்தைப் பேசி முடித்துவிட்டான்.

மெக்கானிக் வீரய்யா பம்பரை ஒதுக்கிவிட்டு அடிச்சட்டத்தில் சங்கிலி மாட்டினார். இந்தத் தடவை எதுவும் கழன்று விழவில்லை. சக்கரம் மணலில் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டியது.

“பின்னாடி கனம் பத்தலை மொதலாளி” என்றார் வீரய்யா.

கனத்துக்காக ஜீப்பிலும் மூட்டை ஏற்றினார்கள். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை ஒடிந்தது. லாரி ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டதும் ஜீப்பின் பின்பக்கம் உயர்ந்து, மூக்கு தரையை மோந்தது. முன்னால் கனம் வைத்தார்கள். ரேடியேட்டர் ஒழுகியது.

இப்படித் தினமும் மண்டியைச் சாத்தியதும் ஜெபமாலை வீரய்யாவின் பட்டறைக்குப் போனார். இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினார்.

“இன்னைக்கும் நேரமாயிருச்சா?” என்பாள் மேரி.

“மண்டியில சோலி.”

“கையெல்லாம் மசியா இருக்கு.”

“கடலையில எண்ணெய் சாஸ்தி” என்றார் அவர்.

அவள் ஆறிப்போன குழம்பைச் சுடவைத்துப் போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தபடி எதிரே உட்கார்ந்திருப்பாள். கடல் ஏக்கம் முற்றிவிட்டது என்று ஜெபமாலை இன்னும் அவசரப்பட்டார்.

கடைசியில் ஒருநாள் ஜீப் மாட்டு வண்டியை இழுத்துக்கொண்டு மண்டியைச் சுற்றி வந்தது. வீரய்யா கையைத் துடைத்தார். “இனிமே கப்பலையே இழுக்கும்.”

ஜெபமாலை ஜீப்பை வாங்கி வீரய்யாவோடு கடற்கரைக்குப் போனார். வள்ளத்துக்கு அடியில் சக்கரம் பூட்டி, அருளப்பனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அறந்தாங்கி வரை வழி சமதளம். ஜீப் நல்ல பிள்ளையாக இழுத்தது. ஜெபமாலை பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

அறந்தாங்கி தாண்டி, ஆலங்குடியை நெருங்கும்போது ஒரு கண்மாய்க்கரையில் ரோடு ஏறி இறங்கியது. ஏறும்போது ஜீப் வள்ளத்தை இழுத்தது. இறங்கும்போது வள்ளம் ஜீப்பைத் தள்ளியது. வீரய்யா பிரேக்கை மிதித்தார். பிரேக் அவர் காலுக்கு மட்டும்தான் கட்டுப்பட்டது, ஜீப் கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு டீக்கடைப் பந்தலுக்குள் நுழைந்து, வைக்கோல் போரில் முட்டி நின்றன.

கடைக்காரர் டம்ளரைக் கையில் பிடித்தபடி கேட்டார், “எது எதை இழுத்துட்டு வருது?”

“இழுக்குமான்னுதான பாக்கச் சொன்னீங்க மொதலாளி” என்றார் வீரய்யா. “நிக்குமான்னு கேக்கலியே.”

அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பக்கத்து வயலிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு, வள்ளத்தின் பின்னால் வடம் கட்டிப் பிடிக்கச் சொன்னார்கள். ஜீப் முன்னால் இழுக்க, ஆட்கள் பின்னால் இழுத்தார்கள். ஊர்வலம் நத்தை மாதிரி நகர்ந்தது. பாரம் தாங்காமல் இன்ஜின் கொதித்து ஒரேயடியாக நின்றது. பின்னால் இழுத்தவர்கள் முன்னால் வந்து ஜீப்பையும் வள்ளத்தையும் சேர்த்து இழுத்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் வள்ளம் ஆலங்குடிக் கண்மாயில் இறங்கியது. ஊரே கரையில் நின்றது. ஜெபமாலை வீட்டுக்கு ஓடி மேரியைக் கையோடு அழைத்து வந்தார். சட்டையில் ஒரு கை கிழிந்திருந்தது. தலையில் வைக்கோல்.

மேரி வள்ளத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“இதுக்குத்தான் இம்புட்டு நாளும் இருட்டுனப்புறம் வந்தீங்களா?”

“ஒனக்குத்தான் மேரி. ஏறு.”

அவள் அவர் தலையிலிருந்த வைக்கோலை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. “நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கிட்டே இருக்கேன்” என்று கரைமேட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெபமாலைக்கு ஒன்றும் புரியவில்லை. வடத்தைப் பிடித்து நின்ற அருளப்பனிடம் போனார்.

“ஒங்கக்கா ஏன்டா ஏற மாட்டேங்குது? இதைவிடப் பெரிய வள்ளம் வேணுமோ?”

அருளப்பன் வடத்தைக் கீழே போட்டான்.

“அக்காவுக்குத் தண்ணின்னாலே பயம் மச்சான். அது அப்ப தெனமும் சாயங்காலம் கடக்கரைக்கு வந்தது, உப்பளம் விட்டு நீங்க அங்க வந்து ஒக்காருவீங்கன்னுதான்.”