போதகர் பறித்த கொழுந்து

"போதகர் செலஸ்டின் இன்று எத்தனை கிலோ கொழுந்து பறித்தார்?" என்று கம்ப்யூட்டர் கேட்டது.

தேவநேசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதையேதான் கேட்டது.

ஜெகதளா தேவாலயத்தில் இதுவரை சம்பளம் கவரில் போய்க்கொண்டிருந்தது. இந்த மாதம் முதல் சாஃப்ட்வேர். கிறிஸ்துமஸ் சம்பளம் சனிக்கிழமைக்குள் ஏறாவிட்டால் பொருளாளர் பதவியையே விட்டுவிடுகிறேன் என்று தேவநேசன், யாரும் கேட்காமலே கமிட்டியில் சொல்லி வைத்திருந்தார். இன்றுதான் சனிக்கிழமை. அந்தப் பதவியும் போனால் வீட்டில் வெங்காயம் உரிக்க உட்கார வைத்துவிடுவார்கள்.

சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த ரெனிஷுக்கு ஃபோன் அடித்தார்.

"தம்பி, இது கொழுந்து கேக்குதுப்பா."

"அப்படிங்களா சார்? நேத்து டீ எஸ்டேட்டுக்கும் உங்களுக்கும் சேத்துப் போட்டேன், அவசரத்துல ஏதாச்சும் ஆயிருக்கும். இப்பக் கூடலூர்ல இருக்கேனுங்க. திங்கக்கிழமை வரேன். அதுவரைக்கும் ஏதாவது நம்பர் போட்டு ஓட்டுங்க."

பூஜ்யம் போட்டார். 'வேலைக்கு வரவில்லை' என்று போதகர் சம்பளத்தைக் கம்ப்யூட்டர் சுத்தமாக வெட்டியது. பதறிப்போய் முப்பது கிலோ போட்டார். போதகர் பிழைத்தார். ஆர்கன் வாசிக்கும் மெட்டில்டாவுக்குப் பன்னிரண்டு போட்டார்.

மெட்டில்டா அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். "ஏனுங்கண்ணா, போன வாரம் எட்டுப் பாட்டு வாசிச்சேன். பன்னெண்டு கிலோதானுங்களா?"

"பாட்டுல என்னம்மா எடை?"

"போதகரு பேசுனதுல மட்டும் எடை எங்கிருந்துங்க வந்துச்சு?"

தேவநேசனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மெட்டில்டாவுக்கும் முப்பது போட்டார். விஷயம் காதில் விழுந்து போதகரே வந்துவிட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா போன ஞாயிறு ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன்."

"தெரியுங்கய்யா. சபைக்கே தெரியும்."

யாரோடும் மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் போதகர், மெட்டில்டா, கூட்டிப் பெருக்கும் ஷிஜோ என மூவருக்கும் ஐம்பது ஐம்பதாகப் போட்டு பட்டனை அமுக்கினார்.

சற்று நேரத்தில் வாசலில் எஸ்டேட் லாரி வந்து நின்றது.

"நூத்தம்பது கிலோ கொழுந்து ரெடின்னு மெசேஜ் வந்துச்சுங்க," என்றார் டிரைவர். "எடை போட்டு ஏத்துனாத்தான் சம்பளம் ஏறுமுங்க."

நல்லவேளையாகக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிக் கோயிலுக்குத் தேயிலை கொஞ்சம் இருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகைக்கு வந்த மொத்தப் பாட்டுக்குழுவையும் தேவநேசன் அதில் இறக்கினார். போதகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனார். அவர் பறிப்பதெல்லாம் முற்றல் இலை என்று மெட்டில்டா புகார் செய்துகொண்டே இருந்தார்.

இருட்டுவதற்குள் நூற்றைம்பது கிலோ எடை நின்றது. மூன்று பேர் ஃபோனிலும் சம்பளம் வந்த சத்தம் கேட்டது. தேவநேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. பதவி தப்பியது, வெங்காயமும் தப்பியது.

அப்போது மப்ளரைச் சுற்றிக்கொண்டு எஸ்டேட் மேஸ்திரி கருப்புசாமி வந்தார். தொண்டை கட்டியிருந்தது.

"ஏனுங்க, சம்பளம் போடலாம்னா எங்க கம்ப்யூட்டரு காலையில இருந்து, பிரசங்கம் எத்தன நிமிசம், ஆர்கன்ல எத்தன பாட்டுன்னு கேக்குதுங்க. நானே தேயிலைக் காட்டுல நின்னு ரெண்டு மணி நேரம் பேசி முடிச்சுட்டேன். பொம்பளைங்களும் பாட்டுப் படிச்சுட்டாங்க. ஆர்கனுக்குத்தான் ஆளில்லீங்க, அந்த அம்மாவக் கொஞ்சம் அனுப்பி வெக்கறீங்களா?"