கொக்கி மாஸ்டரும் மூன்றாவது சுருக்கமும்

பாட்டு பாடுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். பாட்டைப் பின்னிக் கையில் கொடுக்கிறவர் பாறசாலையிலிருந்து பனச்சமூடு வரைக்கும் ஒரே ஆள்தான்: எங்கள் கொக்கி மாஸ்டர்.

பகலில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார். சாயங்காலம் எங்கள் சர்ச் பாடகர் குழுவைப் பழக்குவார், கையில் குரோஷே ஊசியோடு. ஆறடி ஆள், முறுக்கு மீசை, மடியில் வெள்ளை லேஸ்! சேர்ந்த அன்று சிரித்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு அந்தத் தைரியம் வரவில்லை.

குரோஷே என்றால் கொக்கி ஊசியால் நூல் பின்னுவது. குரோச்செட் என்றால் ஒரு தட்டு நேரம் நிற்கும் சுரம். இந்தப் பின்னதற்குக் கிறுக்குத்தனம் என்றும் அகராதியில் ஓர் அர்த்தம் உண்டு. மற்றவர்கள் குழப்பிக்கொள்ளட்டும். மாஸ்டரிடம் மூன்றும் ஒன்றாகவே குடியிருந்தன.

ஒரு குரோச்செட்டுக்கு ஒரு பின்னல், அதுதான் அவர் சட்டம். ஒழுங்காகப் பாடினால் லேஸ் தட்டையாக வரும். நாங்கள் இழுத்தால் ஓட்டை விழும், ஓடினால் நூல் இறுகிச் சுருங்கும். பாட்டுப் பழகி முடிந்ததும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்.

“எலே மக்கா, இந்தச் சுருக்கம் உனக்கதாக்கும். என்னத்துக்குலே ஓடுன? கடைசி பஸ்ஸு போவுதா?”

“மூச்சு முட்டிச்சு மாஸ்டரே.”

“முட்டினா நில்லு. ஓடப்பிடாது.”

அந்த லேஸ் கிறிஸ்துமஸுக்குப் பீட விரிப்பின் ஓரமாகப் போக வேண்டியது. ஒரே ஆள் மூன்று சுருக்கம் போட்டால் குழுவைவிட்டு வெளியே. கெஞ்சினாலும் நடக்காது. நான் ஏற்கெனவே இரண்டு போட்டிருந்தேன். விளைச்சலைச் சர்ச்சுக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகையில் தனியாகப் பாட எனக்கு நாலு வரி வேறு கொடுத்திருந்தார். பாட்டை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

பண்டிகையன்று சர்ச் முழுக்க வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, ஏலத்துக்கு வந்த சேவல்கள். மாஸ்டர் எங்கள் முன்னால் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். முதல் வரி ஒழுங்காகத்தான் போயிற்று. இரண்டாவதில் ஒரு சேவல் கூவித் தொலைத்தது. எடுத்தேன் ஓட்டம்! பின்னால் கீபோர்டுக்காரரும் ஹம்மிங் கொடுத்தவர்களும் கிடந்து திணறினார்கள்.

மாஸ்டரைப் பார்த்தேன். முறைக்கவில்லை. அவர் கை என் வேகத்துக்குப் பறந்தது. அந்த ஊசியையே பார்த்துப் பழகிய கீபோர்டுக்காரரும் மற்ற எல்லாரும் கூடவே ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றாகவே போய்ச் சேர்ந்தோம். “இந்த வருஷம் பாட்டுல நல்ல உற்சாகம்!” என்றார் போதகர்.

ஆராதனை முடிந்ததும் நானாகவே போய் நின்றேன்.

“மூணு ஆச்சு மாஸ்டரே. நான் போறேன்.”

கசங்கிச் சுருண்டு கிடந்த லேஸை நீவிப் பார்த்தார்.

“இது உனக்கதில்ல, எனக்கதாக்கும். நான்லா ஓடினேன்.”

“நான் ஓடினதுனாலதானே…”

“நீ ஒத்தையில ஓடுத. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமாலே? போ, வெள்ளிக்கிழமை நேரத்துக்கு வந்துரு.”

கிறிஸ்துமஸ் காலையில் பீடத்தில் விரித்தபோது பார்த்தேன். அந்தச் சுருக்கத்தை அவர் அவிழ்க்கவே இல்லை. இன்றும் பாட எழும்பும்போது என் கண் முதலில் அங்கேதான் போகும். அதைப் பார்த்த பிறகு ஓடத் தோன்றாது.