கடனில்லா வளாகத்தின் தேநீர் விருந்து

உலகத்தைக் கடனிலிருந்து மீட்கும் பொறுப்பை வரலாறு யார் யாரிடமோ கொடுத்துப் பார்த்து, கடைசியில் வடகேரளத்தில் நாதாபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பொருளியல் துறையிடம் ஒப்படைத்தது. துறையும் அதைப் பணிவோடு ஏற்று, மூன்றாம் ஆண்டு மாணவன் ஃபவாஸின் தலையில் கட்டியது. 'கடனில்லா வளாக இயக்க'த்தின் தலைவன் அவன். "செத்தாலும் கடன் வாங்க மாட்டேன்" என்று ஒலிபெருக்கி முன்னால் உறுதிமொழி எடுத்து, அரங்கத்தையும் எடுக்க வைத்த வீரன்.

அந்தத் தொடக்க விழாவின் பேனரும் பொன்னாடையும்தான் அவனுடைய பரீட்சைக் கட்டணத்தை விழுங்கின. உம்மா கொடுத்தனுப்பிய பணம். துறை திருப்பித் தந்துவிடும் என்று இயக்கத்தின் ஆலோசகர் சுலோசனா டீச்சர் வாக்களித்திருந்தார். கோப்பு 'பரிசீலனையில்' சுகமாகத் தூங்கியது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் பரீட்சை கிடையாது.

அறைத்தோழன் ஜிஷ்ணு கடன் தருவதாகச் சொன்னதும் ஃபவாஸ் துடித்துப் போனான்.

"தலைவனே கடன் வாங்கினா இயக்கம் என்னடா ஆகும்?"

"அப்ப பரீட்சை?"

"பணப்பயற்று வெச்சிடலாம்."

பணப்பயற்று அந்தப் பக்கத்து வழக்கம். பணமுடை வந்தவன் தெரிந்தவர்களைத் தேநீருக்கு அழைப்பான். வந்தவர்கள் தின்று குடித்துப் பணம் வைத்துவிட்டுப் போவார்கள். நாளைக்கு அவர்கள் அழைத்தால் இவன் போய் இரட்டிப்பாக வைக்க வேண்டும். இதைப் போய்க் கடன் என்று சொல்கிற மடையனுக்கு அங்கே யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

செவ்வாய் மாலை அம்மது இக்காவின் தேநீர்க் கடையில் விருந்து நடந்தது. சுலைமானித் தேநீரும் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் அமர்க்களப்பட்டன. சுலோசனா டீச்சர் முதல் ஆளாக ஐந்நூறு ரூபாய் வைத்து, "கடன் வாங்காமலே சமாளிக்கிறான் பாருங்க, இதுதான் நிதி ஒழுக்கம்" என்றார். ஃபவாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இக்காவின் கணக்கைத் தீர்த்தபின் கட்டணத்துக்குச் சரியாக மிஞ்சியது.

மறுநாள் காலை கட்டண வரிசையில் அவன் நின்றபோது ஜிஷ்ணு வந்து அழைப்பிதழ் நீட்டினான்.

"இன்னிக்கு சாயங்காலம் என் பயற்று. வந்துடு."

"உனக்கு என்னடா முடை?"

"நேத்து உனக்கு வெச்சது என் பரீட்சைப் பணத்துல பாதிடா."

பாதிக்கு இரட்டிப்பு என்றால் முழுசு. ஃபவாஸ் வரிசையிலிருந்து மரியாதையாக வெளியே வந்தான். வழக்கம் வழக்கம்தானே.

அன்று ஜிஷ்ணு வைத்த விருந்துக்கு இயக்கமே திரண்டது. அங்கே வைத்தவர்களும் தங்கள் பரீட்சைப் பணத்தைத்தான் வைத்தார்கள். ஆகவே வியாழன் மதியம் ரஸ்னா, மாலை ஸினான் என்று விருந்துகள் முட்டி மோதின. அதே நோட்டுகள் அதே மேசையில் பழம்பொரி எண்ணெயோடு சுற்றிச் சுற்றி வந்தன. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அம்மது இக்காவின் பெட்டியில் இளைப்பாறத் தங்கிவிட்டது. இப்படியொரு பணப்புழக்கத்தை எந்தப் பாடப்புத்தகமும் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எல்லோருக்கும் வயிறு நிறைந்திருந்தது. ஒருவர் கையிலும் கட்டணம் கட்டப் பணமில்லை. ஆனால் யாரும் கடன் வாங்கியிருக்கவில்லை.

ஃபவாஸ் சுலோசனா டீச்சரிடம் ஓடினான். துறை தர வேண்டியதையாவது இன்றைக்கே வாங்கித் தாருங்கள் என்று கெஞ்சினான். டீச்சர் மனம் உருகக் கேட்டுவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். பணம்தான் வருகிறது என்று அவன் கையை நீட்டினான். வந்தது ஓர் அழைப்பிதழ்.

"ஞாயித்துக்கிழமை நானும் ஒண்ணு வைக்கிறேன்பா. வீட்டுக் கடன் தவணை மூணு மாசமா நிக்குது, பேங்க்ல ஆள் அனுப்புறாங்க."

"டீச்சர், நீங்க கடன்..."

"அது உறுதிமொழிக்கு முன்னாடி வாங்கினது. நான் உனக்கு ஐந்நூறு வெச்சது ஞாபகம் இருக்குல்ல? தலைவரே முதல்ல வெச்சாத்தான் மத்தவங்களுக்கும் வைக்கத் தோணும்."

அந்த ஆண்டின் 'சிறந்த நிதி ஒழுக்க வளாகம்' விருது இந்தக் கல்லூரிக்கே கிடைத்ததில் வியப்பில்லை. உறுப்பினர் ஒருவருக்கும் கடனில்லை என்று டீச்சரே கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். விருது விழாவில் ஃபவாஸுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தொடக்க விழாவில் அவனே வாங்கித் தந்த அதே பொன்னாடை. இயக்கத்தினர் ஒருவர்கூட விடுபடாமல் வந்து முன்வரிசைகளை நிரப்பியிருந்ததைச் சிறப்பு விருந்தினர் மனதாரப் பாராட்டினார். கைதட்டல் பலமாக எழுந்ததால், மாடியில் பரீட்சை நடக்கிறது, சத்தம் போடாதீர்கள் என்று காவலாளி வந்து சொல்ல வேண்டியதாயிற்று.