கிட்டுவின் தூக்கத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தப் படம் சுவரில் இருக்கக் கூடாது. கிட்டு தீர்மானித்துவிட்டார். அவர் தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். நடக்காது, அது வேறு விஷயம்.

வியாழக்கிழமை லெட்டர் பாக்ஸில் வந்து விழுந்தது வினை. மூன்றாம் மாடி ரஞ்சனா, மனிதர்களை மட்டுமே வரைகிற ஓவியர். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துக் கேலரியில் அவளுக்கு முதல் கண்காட்சி; சனிக்கிழமை ஐந்து மணிக்குத் திறப்பு. அழைப்பிதழ் அட்டையில் ஒரு படம் போட்டிருந்தது. ஒருவர் தரையில் மல்லாந்து தூங்குகிறார். வாய் ஆவென்று திறந்திருக்கிறது. பனியனில், தொப்புளுக்கு நேராக, ஓர் ஓட்டை. அந்த ஓட்டையைக் கிட்டுவுக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய ஓட்டை.

ஊருக்கு இது சிரிப்பு. கிட்டுவுக்கு மானப் பிரச்சினை. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ரிட்டையரானவர், கட்டட சொசைட்டிக்குச் செக்ரட்டரியாகி மூன்றே மாதம் ஆகிறது. பதவிக்கு வந்த கையோடு அவர் ஒட்டிய முதல் நோட்டீஸ்: "பொது இடத்தில் யாரும் பனியனுடன் காட்சி தரக் கூடாது." கீழே பேப்பர் எடுக்க வந்த நாலாம் மாடி வைத்தீஸ்வரனை, சட்டை போட்டுக்கொண்டு வாரும் என்று நாலு மாடியும் திருப்பி ஏற்றியவர் அவர்.

அட்டையை மனைவி பாகீரதியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது யாரு?"

"அட, நன்னா வந்திருக்கே! மூக்கு அப்படியே இருக்கு."

"என்னை எப்போடி வரைஞ்சா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல. எட்டு வாரம் வந்தா, பாவம். அசையாம இருக்கற மாடல் ஒருத்தரும் கெடைக்கலையாம். எங்காத்துல ஒருத்தர் இருக்கார்னேன்."

கிட்டுவுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. எட்டு ஞாயிறாக மோர்க்கூட்டான், பாலடைப் பிரதமன், 'இன்னொரு கரண்டி விடட்டுமா?' என்கிற குழைவு. முப்பத்தோரு வருஷம் கழித்துப் பெண்டாட்டிக்கு அன்பு பொங்குகிறது என்று நினைத்திருந்தார். பொங்கியது மயக்க மருந்து.

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கேட்டேனே. 'ஏன்னா, ரஞ்சனா வரைஞ்சுக்கட்டுமா'ன்னேன். 'ம்ம்ம்'னேள்."

"அது குறட்டை!"

"நீங்க முழிச்சிண்டிருக்கறச்சேயும் அப்படித்தானே பதில் சொல்றேள்? நான் என்னத்தைக் கண்டேன்?"

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் கக்கத்தில் பழைய பெட்ஷீட்டுமாக கிட்டு கேலரிக்குப் போனார். மேனேஜர் சைஃப் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பேச்சு மட்டும் திருநெல்வேலியை விட்டு வரவில்லை.

"அந்தப் படத்தை எடுத்துடணும்."

"முடியாது சார். அட்டையில அதுதான இருக்கு? வாரவங்க எங்கன்னு கேப்பாங்கள்லா?"

"சரி, நானே வாங்கிக்கறேன்."

சைஃப் சுத்தியலைக் கீழே வைத்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வாங்கியவர் பெயர் வெளியே வராது என்று சத்தியமும் செய்தார். கிட்டு போனை எடுத்துப் பணத்தை அனுப்பினார். எவ்வளவு என்று அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, பாகீரதியிடம் சொல்லவேயில்லை.

கிட்டுவுக்குத் தெரிந்தது மாட்டுங்கா மார்க்கெட் முறை. காசைக் கொடு, சாமானைப் பையில் போடு, நடையைக் கட்டு. பெட்ஷீட்டை விரித்தார். சைஃப் படத்தின் பக்கத்தில் குங்குமப் பொட்டளவுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார்.

"என்னய்யா இது?"

"வித்துப்போச்சுன்னு அடையாளம் சார்."

"சரி, கழட்டிக் குடும்."

"இப்பவா? வித்த படமும் கண்காட்சி முடியுத வரைக்கும் சுவத்துலதாம் இருக்கும். எல்லா கேலரியிலயும் அதான் வழக்கம். பத்து நாள் கழிச்சு வாங்க, நானே கட்டித் தாரேன்."

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதான்யா வாங்கினேன்!"

"என்ன சார் இப்படிச் சொல்லுதீய? திறக்கதுக்கு முன்னாலயே பொட்டு விழுந்துட்டு. இனிமே இதை மூலையில வைக்க முடியுமா? நடுச் சுவத்துக்கு மாத்தப்போறேன்."

கிட்டு பெட்ஷீட்டை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆனால் சோர்ந்துபோகிற ஆளில்லை அவர். படத்தை எடுக்க முடியாவிட்டால் என்ன, மறைக்க முடியாதா? சனிக்கிழமை முதல் ஆளாகப் போய், நடுச் சுவரில் முதுகை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உடம்பிலும் அதற்கு வேண்டிய அகலம் இருந்தது.

கூட்டம் சேர்ந்தது. கட்டடமே வந்திருந்தது. வைத்தீஸ்வரன் நேரே இவரிடம் வந்தார்.

"கிட்டு, செத்த நகரும்."

"இதுல ஒண்ணும் இல்லை ஓய். அந்தப் பக்கம் மீன்காரி படம் பிரமாதம். போய்ப் பாரும்."

"செவப்புப் பொட்டு இங்கேன்னா இருக்கு! வித்ததை விட்டுட்டு விக்காததைப் போய்ப் பாப்பாளா?" வைத்தீஸ்வரன் தோளுக்கு மேலே எட்டிப் படத்தைப் பார்த்தார். கிட்டுவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நகர வேண்டாம் ஓய்! அப்படியே நில்லும். ரெண்டும் சேர்ந்தாத்தான் விளங்கறது."

சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. வைத்தீஸ்வரன் அந்தப் படம் தனக்கு வேண்டும் என்றார். வித்துப்போச்சு, வேணும்னா பிரிண்ட் தரலாம் என்றார் சைஃப். "ஃப்ரேம் போட்டுக் குடும், ஹால்ல மாட்டணும்" என்றார் வைத்தீஸ்வரன். பின்னாலிருந்து ஒவ்வொரு மாடியும் கை தூக்கியது.

அப்போதுதான் ரஞ்சனா மைக்கைப் பிடித்தாள்.

"மனுஷாளை வரைஞ்சா யாரும் வாங்கமாட்டான்னு எல்லாரும் சொன்னா. இதுவும் விக்கலைன்னா பிரஷ்ஷை மூட்டை கட்டிட்டு வேலைக்குப் போயிடறதுன்னு இருந்தேன். பாகீரதி மாமிதான் கார்டுல இந்தப் படத்தைப் போடுன்னா. 'சனிக்கிழமைக்குள்ள ஒருத்தர் தானா ஓடி வந்து வாங்குவார், பாரு'ன்னா. அவர் யாருன்னு எனக்குத் தெரியாது. யாரா இருந்தாலும் ரொம்ப தேங்க்ஸ்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிட்டுவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரும்பி, முதன்முறையாகப் படத்தைச் சரியாகப் பார்த்தார். ஜன்னல் வெயில் கன்னத்தில் விழ, அந்த மனுஷன் எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறார்! கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வாங்கியது நான்தான் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அதற்குள் பாகீரதி மேஜைக்கடியிலிருந்து ஒரு தடித்த சுருளை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி இது?"

"பிரிண்ட்தான். நீங்க பெட்ஷீட்டை எடுத்துண்டு கிளம்பினேளே, அப்பவே கடையில சொல்லிட்டேன்." ஒரு பேனாவையும் அவர் கையில் திணித்தாள். "ரஞ்சனா கையெழுத்துப் போட்டுட்டா. தூங்கினவர் கையெழுத்தும் வேணும்கறா எல்லாரும். கண்ணை நன்னா முழிச்சிண்டு போடுங்கோ."