ஆதி சபை விருந்து

பாடகர் குழு அங்கியைக் கழற்றிவிட்டு வருவதற்குள் ரொட்டி தீர்ந்துவிட்டது.

"முன்வரிசைக்காரங்க ஆளுக்கு அஞ்சு எடுத்துட்டாங்க ஐயா! நாங்க என்ன காத்தைக் குடிக்கிறதா?" என்றார் பாட்டு மாஸ்டர்.

"ஸ்தோத்திரம்!" என்றார் போதகர். பஸ் தவறினாலும் பல் வலித்தாலும் அவருக்கு அதே வார்த்தைதான்.

இந்த விருந்தே அவருடைய பிடிவாதம். பின்வரிசை டீச்சரம்மா ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தார். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. போதகருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இயேசுவின் சீடர்கள் காலத்து ஆதி சபையில் ஒரே குடும்பமாகக் கூடிச் சாப்பிட்டார்களே, நாம் மட்டும் ஆசீர்வாதம் முடிந்ததும் வண்டிச் சாவியைத் தேடுகிறோமே என்று புலம்பித் தீர்த்துவிட்டார். கடைசியில் செயலாளர், அவர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார்.

"சொதப்பினா அடுத்த வாரத்திலேருந்து பழையபடி ஆராதனை, ஆசீர்வாதம், வீடு. சரியா?"

போதகரும் சரியென்று வாக்குக் கொடுத்திருந்தார். சொதப்பக் கூடாதே! போதகர் சூப்பையாவது ஒழுங்காகப் பங்கிட நினைத்து, கரண்டியைச் செயலாளர் மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் மகளுக்கு ஊற்றினார், மருமகனுக்கு ஊற்றினார், சம்பந்திக்கு ஊற்றினார், சம்பந்தியின் தம்பிக்கு இரண்டு தடவை ஊற்றினார். பானை காலி.

"எங்க மேஜைப் பக்கம் கரண்டி எட்டிக்கூடப் பார்க்கல," என்று எழுந்தார் பழைய நர்சம்மா. அது விதவைகள் உட்கார்ந்திருந்த மேஜை. "புருஷன் இல்லாதவங்கன்னா இளக்காரமா?"

"ஸ்தோ... த்திரம்," என்றார் போதகர். சுருதி இறங்கியிருந்தது.

செயலாளர் வாட்சைப் பார்த்தார். போதகர் பதறிப்போய், செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். அன்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ண ஆரம்பித்தார்.

முக்கால் மணி நேரம் ஓடியது. நைட் டியூட்டி முடித்து நேராக வந்திருந்த பஸ் டிரைவர், தன் நாற்காலியை டீச்சரம்மாவுக்குக் கொடுத்துவிட்டு ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "அன்பு பொறுமையுள்ளது" என்றபோது அவர் கண் சொக்கியது. "தயவுள்ளது" என்றபோது ஜன்னலில் ஆளைக் காணோம். வெளியே தொப்பென்று சத்தம்.

சபை மொத்தமும் தோட்டத்துக்கு ஓடியது. செயலாளர் மண்ணிலேயே உட்கார்ந்து டிரைவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நர்சம்மா கோபத்தை மறந்து கைகால்களை அழுத்திப் பார்த்தார். பாட்டு மாஸ்டர் தண்ணீர் கொண்டுவந்தார்.

டிரைவர் ஒரு கண்ணைத் திறந்தார். "பிரசங்கம் முடிஞ்சுதா?"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அதன் பிறகும் யாரும் கிளம்பவில்லை. அப்படியே புல்தரையில் உட்கார்ந்து, யாரோ வாங்கிவந்த பிஸ்கட்டைப் பிட்டுப் பகிர்ந்தார்கள். நர்சம்மா டீச்சரம்மாவிடம், "தையல் பிரிச்சாச்சா? சொல்லியிருந்தா நான் வந்து கூட இருந்திருப்பேனே," என்று சொல்வது போதகர் காதில் விழுந்தது. நன்றியில் அவருக்கு வழக்கமான வார்த்தைகூட வரவில்லை.

ஆனாலும் கொடுத்த வாக்கு இருக்கிறதே. "மன்னிச்சிடுங்க சார்," என்றார் செயலாளரிடம். "ஆதி சபை மாதிரி ஒண்ணுமே நடக்கல."

மூன்று மாதத்துக்கு முன் சபையில் சேர்ந்து, இப்போதுதான் முதல்முறையாக பைபிள் படிக்கும் பியூட்டி பார்லர் அக்கா வியப்போடு திரும்பினார்.

"என்ன ஐயா இப்படிச் சொல்றீங்க? முந்திக்கிட்டுத் தின்னது, பந்தியில விதவைங்கள விட்டது, நீளப் பிரசங்கத்துல தூங்கி ஜன்னல்லேருந்து விழுந்ததுன்னு, பைபிள்ல ஆதி சபையில நடந்ததை ஒண்ணு விடாம அப்படியே நடிச்சுக் காட்டிட்டீங்களே, எத்தனை நாள் ரிகர்சல் பார்த்தீங்க?"