செலவாகாத ஒரு லட்சம்

வீட்டுச் செலவை எழுதிவைத்தால் அது பாதியாகக் குறைந்துவிடும் என்று அந்த ஆண்டு திருத்தணியில் எல்லோரும் நம்பினார்கள். கைபேசியில் தாடி வைத்த ஓர் இளைஞர் தினமும் அதைச் சொல்லிவந்தார். தபிதாள் வேலை பார்க்கும் கே.ஜி.கண்டிகைப் பள்ளியில் ஆசிரியைகள் எட்டுப் பேரும் அவர் சொன்ன செயலியை இறக்கிக்கொண்டார்கள். டீ குடித்தால் டீ என்று பதிந்தார்கள். டீ குறையவில்லை. குடிக்கும்போது லேசாக ஒரு குற்ற உணர்வு வந்தது. அதையே சேமிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

தபிதாளுக்கு ஒரு ஸ்கூட்டர் வேண்டியிருந்தது. ஆறு வருடமாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே பள்ளிக்குப் போய்வருகிறாள். கிருத்திகை நாட்களில் காவடிக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து வீடுவரை நடப்பாள். வரி, பதிவு எல்லாம் சேர்ந்து ஸ்கூட்டர் சாலைக்கு வரும்போது தொண்ணூற்றெட்டாயிரம் ரூபாய். ஒரு வருடத்தில் ஒரு லட்சம் சேர்த்தால் வாங்கிவிடலாம் என்று கணவனிடம் சொன்னாள். செயலியையும் காட்டினாள். அதைக் காட்டாமல் இருந்திருக்கலாம்.

ஜெரால்ட் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். எந்தத் துறை என்று சொன்னால் அந்தத் துறைக்காரர்கள் வருத்தப்படுவார்கள். சொல்லாவிட்டால் எல்லாத் துறைக்காரர்களும் தங்களைத்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவே நியாயம்.

“இது கையெழுத்துப் போடுமா?” என்று செயலியைப் பார்த்துக் கேட்டான்.

“போடாதுங்க.”

“அப்ப இது சொல்றத எவன் நம்புவான்?”

ஏப்ரல் முதல் தேதி குடும்பத்தின் வரவு செலவுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதைத் தயாரித்தவன் ஜெரால்ட். கூர்ந்து ஆய்வு செய்தவனும் அவனே. ஒப்புதல் அளித்தவனும் அவனே. ஒருவரே மூன்று வேலையையும் பார்ப்பது விதிகளுக்கு முரணானது என்பதால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் எழுந்து வேறு நாற்காலிக்கு மாறினான். வீட்டில் இரண்டே நாற்காலி. ஆகவே ஒப்புதல் கட்டிலில் அமர்ந்து வழங்கப்பட்டது.

இரண்டு பேர் சம்பளமும் ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் இருபத்து மூன்று தலைப்புகளில் பிரித்து ஒதுக்கப்பட்டிருந்தது. ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் பெபி மேலிருந்து கீழ்வரை தேடிப்பார்த்தாள்.

“நைனா, சேமிப்பு எங்க?”

“செலவாகாம மீந்து நிக்கிறதுதான் சேமிப்பு. அதுக்கு எப்படிம்மா தலைப்பு போடுவாங்க?”

“ஸ்கூட்டரு?”

“அது திட்டத்தோட நோக்கம். நோக்கம் எந்தக் கணக்குலயும் வராது.”

அன்றுமுதல் எது வாங்குவதானாலும் காலை எட்டு மணிக்குள் கோரிக்கைச் சீட்டு கொடுக்கவேண்டும். தபிதாள் கொத்தமல்லிக் கட்டு ஒன்று கேட்டு எழுதினாள். சாயங்காலம் சீட்டு திரும்பிவந்தது: ‘வீட்டில் கறிவேப்பிலை கையிருப்பில் உள்ள நிலையில் கொத்தமல்லியின் அவசியம் குறித்து விளக்கம் கோரப்படுகிறது.’ அவள் விளக்கம் எழுதினாள். மூன்றாம் நாள் ஒப்புதல் கிடைத்தது. ரசம் முதல் நாளே முடிந்திருந்தது.

தக்காளிக்கு மூன்று விலைப்புள்ளிகள் தேவைப்பட்டன. மார்க்கெட்டில் ஒன்று, தள்ளுவண்டியில் ஒன்று. மூன்றாவதற்காக ஜெரால்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி ஆந்திர எல்லை தாண்டி நகரிக்கே போய்வந்தான். கிலோவுக்கு ஆறு ரூபாய் குறைவு. போய்வந்த பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு, வெளியூர்ப் படி எல்லாம் சேர்த்து இருநூற்று நாற்பது ரூபாய் எடுத்துக்கொண்டான்.

“ஆறு ரூபா மிச்சம் பண்ண இருநூத்தி நாப்பது ரூபாயா?” என்றாள் தபிதாள்.

“அது நிர்வாகச் செலவு. வீட்டுச் செலவுல வராது.”

“எந்த வீட்டு நிர்வாகம்ங்க?”

“நீ ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கற தபிதா.”

ஞாயிறு ஆராதனையில் போடும் காணிக்கைக்கும் ரசீது வேண்டும் என்றபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

“ஆண்டவர்கிட்ட போயி ரசீது கேக்கச் சொல்றீங்களா?”

“அவ்ளோ மேல போவ வேணாம். சபை ஐயர்கிட்ட கேட்டாப் போதும்.”

அக்டோபரில் தணிக்கை நடந்தது. ஓய்வுபெற்ற தணிக்கையாளர் சின்னசாமி இதற்கென்றே இரண்டு தெரு தள்ளியிருந்து வந்தார். தணிக்கைக் குழுவுக்குப் பிரியாணி போடுவது மரபு என்பதால் பிரியாணி போடப்பட்டது. குழுவில் அவர் ஒருவர்தான் என்றாலும் நான்கு பேருக்கான மரியாதையோடு சாப்பிட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேரேட்டைப் புரட்டினார்.

“ஜூலை பதினாலாந்தேதி ரெண்டு கிலோ சக்கரை வாங்கிகீறீங்க. அது எங்கம்மா?”

“தீந்து போச்சுங்க.”

“தீந்துச்சுன்றதுக்கு ஆதாரம்?”

தபிதாள் உள்ளே போய் ஜெரால்டின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சின்னசாமி அதை இரண்டு முறை படித்து, ஏற்றுக்கொண்டு, கோப்பில் இணைத்தார்.

இவ்வளவுக்கும் பலன் இல்லாமல் போகவில்லை. மிக்சி ஜாடி ஆகஸ்டில் உடைந்தது. மூன்றாவது விலைப்புள்ளி வராததால் அம்மியிலேயே அரைத்தாள். கிறிஸ்துமஸ் துணிக்கான ஒப்புதல் தைப்பொங்கலுக்கு வந்தது. இனி எதற்கு என்று கோப்பிலேயே வைக்கப்பட்டது. எதுவும் மறுக்கப்படவில்லை, எதுவும் வாங்கப்படவுமில்லை. மார்ச் இருபதாம் தேதி கூட்டிப்பார்த்தால் ஒரு லட்சத்து ஆயிரத்து நானூறு ரூபாய் மீந்து நின்றது. தபிதாள் பள்ளியிலிருந்து வரும் வழியில் ஷோரூமில் இறங்கி, மயில்நீல வண்டி ஒன்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

அன்று மாலை ஜெரால்ட் முகம் வெளுத்து வீடு திரும்பினான். அவன் அலுவலகத்தில் பன்னிரண்டு பேருக்கு நாற்பது நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. மார்ச் மாதம் அப்படித்தான். அவனுக்கு அதைப் பார்த்ததும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

“தபிதா, ஒரு லட்சம் செலவாவாம கீது.”

“ஆங். அதான் சேமிப்பு.”

“முப்பத்தொன்னாந்தேதிக்குள்ள செலவு பண்ணலன்னா காலாவதி. அதுகூடப் பரவால்ல. இவங்களுக்கு இவ்ளோ தேவையில்லன்னு அடுத்த வருஷ ஒதுக்கீட்டுல வெட்டிடுவாங்க.”

“யாரு வெட்டுவாங்க?”

“ஒதுக்கறவங்க.”

“ஒதுக்கறது யாரு?”

“நான்தான்.”

“அப்ப வெட்டாதீங்க.”

ஜெரால்ட் அவளை இரக்கத்தோடு பார்த்தான். “நீ என்னிய வீட்டுலதான் பாத்துகினு கீற. ஒதுக்கீடுன்னு வந்துட்டா நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உனக்குத் தெரியாது.”

“சரி, அந்தப் பணத்துல ஸ்கூட்டர் வாங்கிடுங்க. செலவும் ஆவும்.”

“எந்தத் தலைப்புல? புதுத் தலைப்புக்கு ஜனவரியிலயே எழுதியிருக்கணும். நீ எழுதலியே.”

அடுத்த ஆறு நாளில் ஜெரால்ட் ஒரு லட்சம் ரூபாயைச் செலவு செய்தான். ஒரு வருடமாகக் கிடைக்காத விலைப்புள்ளிகள் ஒரே காலைப்பொழுதில் மூன்றும் கிடைத்தன. எந்தத் தலைப்பில் எவ்வளவு மீந்திருந்ததோ அதை அப்படியே அந்தத் தலைப்பில், மொத்த விலைக்கடையில் வாங்கினான். சலவைத்தூள் நூற்றிருபது கிலோ. தேங்காய் எண்ணெய் எண்பது லிட்டர். பக்கெட் அறுபது. ஆர்.கே.பேட்டைத் தறியிலிருந்து போர்வை தொண்ணூறு. மிக்சி ஜாடி மட்டும் வாங்கவில்லை. அதன் கோப்பு இன்னும் நிலுவையில் இருந்தது.

தபிதாள் அழலாம் என்று பார்த்தாள். உட்கார இடமில்லை.

எதிர்வீட்டு எல்லம்மாள் வாசலில் நின்று எட்டிப்பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னாக்கா, கடை வெச்சிட்டீங்களா?”

தபிதாள் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், பெபியின் பரீட்சை அட்டையை எடுத்து, பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினாள்: ‘பத்து சதவீதம் தள்ளுபடி. மார்ச் 31 வரை மட்டும்.’

எல்லம்மாளின் சிரிப்பு நின்றது. “அதுக்கப்பறம் கெடைக்காதாக்கா?”

“கெடைக்காது.”

“அப்ப ஒரு நாலு பக்கெட் எடுத்து வைங்க.”

“உங்க ஊட்ல எத்தினி பேருடி?”

“நான் ஒருத்திதான். அதுக்கின்னு உட்டுட முடியுமா?”

மறுநாள் தெருமுனைவரை வரிசை நின்றது. மணவூரிலிருந்து ரயிலேறி வந்தவர்கள்கூட இருந்தார்கள். வெயிலில் போர்வைக்குச் சண்டை நடந்தது. தலையில் ஒரு முடிகூட இல்லாத சின்னசாமி ஆறு லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொண்டு, நல்ல வேளை நேற்றே தெரிந்தது என்று தனக்குத்தானே சொல்லியபடி போனார். மொத்த விலைக்கு வாங்கியதைச் சில்லறை விலையில் தள்ளுபடி போக விற்றதில் முப்பதாம் தேதி இரவு தபிதாளின் கையில் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் ரூபாய் இருந்தது.

ஜெரால்ட் பேரேட்டைத் திறந்து நெடுநேரம் யோசித்தான். “இத எங்கயும் எழுத முடியாது தபிதா. சரக்கு விற்ற வரவுன்னு நம்மகிட்ட தலைப்பே இல்ல.”

“எழுதலன்னா?”

“கணக்குப்படி இந்தப் பணம் இல்ல.”

“இல்லாத பணத்த செலவு பண்ண ஒப்புதல் வேணுமா?”

அவன் விதிகளை எல்லாம் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப்பார்த்தான். “வேணாம்,” என்றான்.

முப்பத்தொன்றாம் தேதி பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, இல்லாத பணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தபிதாள் ஷோரூமுக்குப் போனாள். விற்பனைப் பையன் கழுத்தில் டை கட்டியிருந்தான். நெற்றியில் வியர்வை. அவனுக்கும் மாத இலக்கு இருந்தது. மயில்நீலம் முந்தாநாளே போய்விட்டது, சாம்பல் நிறம்தான் இருக்கிறது, அதுவும் ஒன்றுதான் என்றான். பிறகு குரலைத் தாழ்த்திச் சலுகை அட்டை ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினான்.

“இதெல்லாம் இன்னியோட முடியுதுங்க மேடம். நாளைக்கு வந்தா என் கையில இல்ல.”

தபிதாள் அட்டையைப் படித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலே முக்கால்.

ஐந்தரைக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாம்பல் நிற வண்டி பதிவெண் வாங்கி வர ஒரு வாரமாகும். அதற்கு முன்னோடியாக மூன்று ஹெல்மெட், இரண்டு சீட் உறை, மழைக்கு வண்டிமேல் போர்த்தும் துணி, கண்ணாடியில் தொங்கவிட ஒரு பொம்மை, ஐந்தாண்டு கூடுதல் உத்தரவாதப் பத்திரம் எல்லாம் இறங்கின.

“மூணு ஹெல்மெட் எதுக்கும்மா?” என்றாள் பெபி. “வண்டியில ரெண்டு பேருதான ஏற முடியும்?”

“ஆஃபர் இன்னியோட முடியுதுடி. நாளைக்குக் கேட்டா குடுப்பானா?”

ஜெரால்ட் ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். “மீதி எவ்ளோ?”

“ஆட்டோவுக்குக் குடுத்ததோட சரி. ஒரு ரூபா இல்ல.”

அவன் முகம் மலர்ந்தது. முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அவன் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. தபிதாளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.