குழிக்குத் திறப்பு விழா

இந்தக் கதையில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது. வாசகப் பெருமக்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்ளத் தயாராகலாம். ஆனால் இப்போதே பிடிக்க வேண்டாம். சிரிப்புக்கு நிர்வாக ஒப்புதல் வந்துவிட்டது, நிதி ஒப்புதல் இன்னும் வரவில்லை. அது வரும்வரை ஒரு குழியைப் பார்வையிடுவோம்.

2006ஆம் வருஷம். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு ரயில்வே கேட். தண்டவாளத்தை ஒட்டிய கொஞ்சம் ரோடு ரயில் ஆபீசுக்குச் சொந்தம். அதைத் தாண்டினால் சாலை ஆபீசுக்குச் சொந்தம். இரண்டும் சந்திக்கிற இடத்தில், யாருக்கும் சொந்தமில்லாமல், ஒரு எருமை உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு ஒரு குழி. எருமை உட்காரவும் செய்தது.

முட்டை மண்டி நசீருதீன் டிவிஎஸ் 50-ல் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு, அந்தக் குழியில் இறங்கி ஏறித்தான் மேடவாக்கம் பேக்கரிக்குப் போக வேண்டும். புறப்படும்போது முட்டை, போய்ச் சேரும்போது பாதி ஆம்லெட். பேக்கரிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: "பாய், இந்த மாசம் வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்படி ஒழுகிட்டே வந்தா வேற மண்டிதான்." நசீருதீனுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கை அந்தப் பேக்கரி.

பிளஸ் டூ படிக்கும் மகள் கைனாத்தையும் அழைத்துக்கொண்டு மனு கொடுக்கப் போனார். சாலை ஆபீஸ் பொறியாளர் வைத்தீஸ்வரன் மூக்கால் பேசினார். "அதாவது பாய், அது ரயில் குழி. அதாவது, நாங்க தொட்டா அத்துமீறல்."

ரயில் ஆபீஸ் பொறியாளர் யேசுதாசன் கண்ணை மூடிக்கொண்டு, சொல்லுக்குச் சொல் ஒரு கூட்ஸ் வண்டி போகிற இடைவெளி விட்டார். "அது... ரோட்டுக் குழி... எங்க சொத்து... இல்லை."

"இன்னா சார் இது, பேஜாரா கீது! அப்ப குழியை நானா தோண்டினேன்?"

"விசாரிக்கிறோம்" என்றார் யேசுதாசன், ஒரு கண்ணை மட்டும் திறந்து.

நசீருதீன் வெறுங்கையோடு திரும்பினார். கைனாத் இரண்டு குரல்களோடு திரும்பினாள். ஸ்டேஷன் அறிவிப்பு அம்மா, கெமிஸ்ட்ரி மிஸ், தண்ணி லாரி ஹார்ன் என்று அவள் தொண்டையில் சிக்கித் தப்பியது எதுவுமில்லை. மறுநாள் காலை மண்டி போனை எடுத்தாள்.

"சார்... நான்... யேசுதாசன். கேட் பக்கத்துக் குழி... எங்களோடது. நீங்க... கை வைக்கக் கூடாது."

"அதாவது, என்ன சார் அநியாயம்!" மறுமுனையில் வைத்தீஸ்வரன் அலறினார். "அது எங்க குழி! காலங்காலமா எங்க ரோட்ல இருக்கு!"

அதைத் துண்டித்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ரயில் ஆபீசைக் கூப்பிட்டாள். "அதாவது, குழி எங்களுது. அதாவது, உங்க ஆளுங்க எட்டிப் பார்த்தாலும் அத்துமீறல்."

"ஒரு பிடி... குழி கூட... விட முடியாது!"

கைனாத் சிரித்துப் புரண்டதில் மண்டியிலேயே ஓர் அட்டை முட்டை காலி. சொந்தம் கொண்டாடிவிட்டார்கள், இனி மூடித்தானே ஆக வேண்டும்?

ஒரே வாரத்தில் போர்டு வந்தது: 'இக்குழி ரயில் ஆபீசின் சொத்து.' எதிரிலேயே இன்னொன்று: 'சாலை ஆபீசுக்குப் பாத்தியப்பட்ட குழி. இதில் எதையும் கொட்டாதீர்.' பிறகு சிவப்பும் வெள்ளையும் அடித்த வேலி; வண்டிகள் குழிக்குள் இறங்க ஒரு வாசல், ஏற ஒரு வாசல். குழியின் வடிவம் கெட்டுவிடாமல் ஓரங்களுக்குச் சிமெண்ட் பூச்சு. குடையோடு ஒரு வாட்ச்மேன். ஆட்டோக்காரர் சவுரிமுத்து பொறுக்க முடியாமல் ஒரு கூடை ஜல்லி கொண்டுவந்தபோது வாட்ச்மேன் பாய்ந்தார்: "இன்னாய்யா, கவர்மெண்ட் குழியை மூடப் பாக்கிறியா? பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினா உள்ள போவே!"

ஊரும் லேசுப்பட்டதல்ல. இட்லிக்கடை கிளியம்மாள் வெளியூர்ச் சம்பந்தியிடம் போனில் பெருமை அடித்தாள். "மத்த ஏரியாவுல கீறதெல்லாம் சும்மா பள்ளம் அண்ணி. எங்குளுதுதான் குழி. டைல்ஸ் போடப் போறாங்களாம்!"

மாதக் கடைசி நெருங்கியது. கைனாத் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். தொண்டையைச் செருமி, மேலிடத்துக் குரலில் வைத்தீஸ்வரனைக் கூப்பிட்டாள்: "யோவ்! ஹெட் ஆபீஸ்லருந்து பேசுறேன். நாளைக்குள்ள குழியை மூடணும்!"

"உத்தரவு ஐயா. அதாவது, ஒரு சின்னச் சந்தேகம்."

"என்னய்யா?"

"இத்தனை குரல்ல பேசினா தொண்டை கட்டாதாம்மா, கைனாத்?"

"சார்... எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் நாளே. போன்ல நம்பர் விழுதேம்மா. உங்க மண்டி போர்டுல யானை சைசுல எழுதியிருக்கிற அதே நம்பர்."

"அப்புறம் ஏன் சார் நம்பினீங்க?"

"யாரு நம்பினா? குழியை மூட நிதி கொடுங்கன்னு எழுதி எழுதிக் கை தேஞ்சுது, பைசா பேரலை. 'நம்ம குழியை ரயில் ஆபீஸ் பிடுங்கப் பாக்குது'ன்னு ஒரு வரி எழுதினேன். வேலி, பூச்சு, வாட்ச்மேன், எல்லாம் வந்துடுத்து. யேசுதாசன் சார் கதையும் அதேதான். இப்பக்கூடப் பக்கத்துலதான் டீ குடிச்சிண்டிருக்கார்."

"அப்ப மூடவே மாட்டீங்களா?"

"மூடிட்டா எதைம்மா பராமரிக்கிறது? வெள்ளிக்கிழமை குழிக்குத் திறப்பு விழா. அப்பாவோட வந்துடு."

அந்த நேரம் வாசலில் டிவிஎஸ் 50 வந்து நின்றது. நசீருதீன் குழந்தை மாதிரி குதித்துக்கொண்டு வந்தார். "கைனாத்! பேக்கரில டபுள் ஆர்டர்மா! குழி விழாவுக்கு, குழி மாதிரியே கேக் செய்றாங்களாம். எப்படியும் ஒடைச்சுத்தானே ஊத்தப் போறோம், ஒழுகினா இன்னா பாய்ங்கறாரு! யா அல்லா, அந்தக் குழியை மட்டும் யாரும் மூடிடக் கூடாது!"

போனில் வைத்தீஸ்வரன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "அதாவதும்மா, மேடவாக்கத்துல ஒரு குழி அனாதையா கிடக்கு. நாளைக்கு எனக்கு யேசுதாசன் சார் குரல்ல ஒரு போன் போட்டுடு. அது உனக்கு நன்னா வருது."

"மேடவாக்கத்துல ரயிலே கிடையாதே சார்?"

"குழி... முதல்ல வரட்டும்" என்றது பக்கத்திலிருந்து ஒரு நிதானமான குரல். "ரயில்... பின்னாடி... வரும்."

கைனாத் போனைப் பார்த்தாள். மொபெட்டைச் சுற்றிக் குதிக்கிற அத்தாவைப் பார்த்தாள்.

"சார்," என்றாள் சொந்தக் குரலில், "அப்ப இவ்ளோ நாளா உங்க ரெண்டு ஆபீசுக்கும் சம்பளமில்லாம வேலை பாத்தது நானா?"